நனைப்பதற்கு முன்

நெகட்டிவை நனைத்து ஸ்கேன் செய்தால் படம் கூர்மையாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. வளைந்த நெகட்டிவை பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். அதையே கண்ணாடியில் ஒட்டி நனைத்து இன்னொன்று எடுப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எல்லாம் திரவத்தின் மகிமை என்பார்கள். நெகட்டிவ் தட்டையாகப் படிந்ததையும், லென்சுக்குச் சரியான உயரத்தில் வந்து உட்கார்ந்ததையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உலர்ந்த நெகட்டிவையும் அதே தட்டைத்தனத்தில் அதே உயரத்தில் நிறுத்திவிட்டு ஒப்பிடுங்கள். கூர்மையில் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். கீறலில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அந்தக் கீறலுக்காகத்தான் நான் இன்னும் நனைக்கிறேன்.

இந்த வேலையை நான் கற்றது சிவகாசியில், ஒரு பிரிபிரஸ் கூடத்தில். காலண்டர் சீசனில் இரவு பகல் தெரியாது. கொண்டையராஜு வழிவந்த ஓவியர்களின் சாமி படங்கள் 4×5 அங்குல டிரான்ஸ்பரன்சிகளாக வரும். அவற்றை டிரம் ஸ்கேனரில் ஏற்றி நான்கு வண்ணமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். டிரம் என்பது அக்ரிலிக்கில் செய்த கண்ணாடி போன்ற உருளை. அதன்மேல் எண்ணெய் விட்டு, டிரான்ஸ்பரன்சியைப் படியவைத்து, மேலே மெல்லிய பாலியஸ்டர் தாள் போர்த்தி, நாலு ஓரமும் டேப் ஒட்டுவோம். உருளை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். உள்ளிருந்து ஒளி வரும், வெளியே போட்டோமல்டிபிளையர் குழாய் ஒவ்வொரு புள்ளியாகப் படிக்கும். ஒரு குமிழி மாட்டிக்கொண்டால் முருகன் முகத்தில் அம்மைத் தழும்பு வந்துவிடும். எண்ணெயில் இப்படிப் படியவைப்பதற்கு எங்கள் பேச்சில் 'ஆயில் மவுண்ட்' என்று பெயர்.

மவுண்டிங் மேசை அண்ணாச்சி ஒருவரின் ராஜ்யம். அவர் பேசியது குறைவு. "லே, எண்ணெய ஊத்தாத, நடக்க விடு. அது போற பாதையில காத்த வெளிய தள்ளிக்கிட்டே போகும்" என்று ஒருமுறை சொன்னார். இன்றுவரை என் கைக்கு அதுதான் பாடம்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் டிரம் ஸ்கேனர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. நான் சென்னைக்கு வந்தேன். 2006-ல் எப்சன் நிறுவனம் வி700, வி750 என்று இரண்டு ஃபிளாட்பெட் ஸ்கேனர்களை விட்டது. வி750-இன் பெட்டியிலேயே நெகட்டிவை நனைத்து வைக்க ஒரு கண்ணாடித் தட்டும் வந்தது. டிரம்மில் எண்ணெய் தோய்ந்து கிடந்த கைக்கு அது பழைய சிநேகிதன் போல. அன்றிலிருந்து குடும்பப் படங்கள், ஸ்டூடியோ நெகட்டிவ்கள், கண்காட்சிக்கான பெரிய பிரிண்டுகள் என்று இதே பிழைப்பு.

நனைத்தால் கீறல் ஏன் மறைகிறது? பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதே, அதே காரணம்தான். காகித நார்களுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டுகிறது. எண்ணெய் புகுந்து காற்றை விரட்டியதும் ஒளி நேராகப் போய்விடுகிறது. ஃபிலிமின் பின்பக்கத்துக் கீறலும் காற்று நிரம்பிய சிறு பள்ளம். காற்றின் ஒளிவிலகல் எண் 1. அசிடேட் ஃபிலிமுக்கு ஏறக்குறைய 1.48, கண்ணாடிக்கு 1.52. நாங்கள் பயன்படுத்தும் திரவங்கள் 1.4-க்கும் 1.5-க்கும் நடுவே இருக்கும். பள்ளத்தில் திரவம் நிரம்பியதும் அங்கே பள்ளம் இருப்பதே ஒளிக்குத் தெரியாது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் 4 சதவீதம் திரும்பி அடிக்கும், அந்த நஷ்டமும் குறைகிறது. ஃபிலிமின் வழவழப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் தோன்றும் நியூட்டன் வளையங்களுக்கும் இடமில்லை. இடைவெளியே இல்லாதபோது வளையம் எங்கிருந்து வரும்?

கறுப்பு வெள்ளைக்கு இது இன்னும் முக்கியம். கலர் நெகட்டிவில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து அழிக்கும் வசதி ஸ்கேனரிலேயே இருக்கிறது. சாயங்கள் அந்தக் கதிரை விட்டுவிடும், வெள்ளித் துகள்கள் விடாது. அதனால் வெள்ளி நெகட்டிவில் அந்த வசதியைப் போட்டால் படத்தையே தூசி என்று நினைத்துத் தின்றுவிடும். இங்கே நனைப்பதை விட்டால் ஃபோட்டோஷாப்பில் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்து அடைக்க வேண்டியதுதான்.

ஆனால் எமல்ஷன் பக்கத்தில், அதாவது படம் பதிந்த வெள்ளிப் படலத்தில், ஆழமாகக் கீறி வெள்ளியே பெயர்ந்து போயிருந்தால் எந்தத் திரவமும் அதை நிரப்பாது. போன வெள்ளி போனதுதான். தூசியும் அப்படித்தான், திரவத்தில் மிதக்குமே தவிர மறையாது. நனைப்பதற்கு முன் பிரஷ்ஷாலும் காற்றுப் பம்பாலும் சுத்தம் செய்யாதவர், தூசியைப் பத்திரமாகக் கண்ணாடிக்குள் அடைத்து வைக்கிறார்.

இனி உயரம். இந்த ஸ்கேனர்களில் ஃபோகஸ் செய்ய வசதி கிடையாது, லென்ஸ் அப்படியே நிலைத்து நிற்கும். வி700 வரிசையில் இரண்டு லென்ஸ்கள் உண்டு. ஒன்று கண்ணாடிப் பரப்பிலேயே குறிவைத்தது. இன்னொன்று, கூடுதல் கூர்மை உள்ளது, கண்ணாடிக்கு மேலே சுமார் 3 மில்லிமீட்டரில் குறிவைத்தது. மென்பொருளில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப லென்ஸ் மாறும். நெகட்டிவை ஸ்கேனர் கண்ணாடிமேலேயே நனைத்து ஒட்டிவிட்டு, மென்பொருளில் சட்டத்துக்கான லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் படம் மங்கலாகத்தான் வரும். "வெட் மவுண்ட் பண்ணியும் ஷார்ப்பா வரலை" என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான்.

அந்த 3 மில்லிமீட்டரும் வேதவாக்கு இல்லை. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒன்று 2.6-இல் கூர்மை காட்டும், இன்னொன்று 3.4-இல். கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. அலுவலகத்தில் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, சட்டத்தின் நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டாக ஏற்றிக்கொண்டே போய், ஒரே நெகட்டிவின் ஒரே மூலையை ஸ்கேன் செய்யுங்கள். கிரெய்ன் எந்த உயரத்தில் மணல்மணலாகப் பிரிந்து தெரிகிறதோ அதுதான் உங்கள் இயந்திரத்தின் உயரம். அதை ஸ்கேனர் மூடியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். திரவம் வாங்கும் காசை இந்த அரை நாள் வேலைக்குப் பிறகு செலவழிக்கலாம்.

நான் ஒட்டும் முறை இப்படி. தனியாக ஒரு கண்ணாடி, நாலு மூலையிலும் உயரம் சரிசெய்யும் பிளாஸ்டிக் திருகு. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்து, நடுவில் ஒரு கோடு திரவம் விடுவேன். நெகட்டிவின் பின்பக்கம் கண்ணாடியைப் பார்க்க, எமல்ஷன் மேலே இருக்க, ஒரு விளிம்பை முதலில் தொடவைத்து மெதுவாக இறக்குவேன். எமல்ஷன்மேல் இன்னொரு கோடு. அதன்மேல் நெகட்டிவைவிட நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் பெரிதான மைலார் என்ற பாலியஸ்டர் தாள். இதையும் ஒரு விளிம்பிலிருந்து இறக்க வேண்டும், தட் என்று போடக்கூடாது. பிசிறில்லாத துணியை மடித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு லேசாக நீவினால் மிச்சத் திரவமும் குமிழியும் ஒன்றாக வெளியேறும். அழுத்தம் கையில் தெரியக்கூடாது. பிறகு கண்ணாடியைத் திருப்பி ஸ்கேனரில் வைத்தால், நெகட்டிவ் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் தொங்கும். ஸ்கேனரின் சொந்தக் கண்ணாடியை விட்டால், லென்சுக்கும் எமல்ஷனுக்கும் நடுவே மைலார் மட்டும்தான், ஒட்டிய தடித்த கண்ணாடி இல்லை. திரவத்தின் பிடிப்பே ஃபிலிமைத் தாங்கும், டேப் வேண்டாம்.

மிச்சத் திரவத்தைத் துடைப்பதில் சோம்பல் கூடாது. ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு இறங்கினால் உள்ளே போய்க் கண்ணாடியின் அடியில் புகைபோலப் படியும். இயந்திரத்தைப் பிரித்தால்தான் அதைத் துடைக்க முடியும். மேலே, படுகையின் தலைமாட்டில், ஒளியை அளந்துகொள்ள ஒரு பட்டை இடம் விட்டிருப்பார்கள். அங்கே ஒரு துளி, ஒரு மயிரிழை கிடந்தாலும் படம் நெடுகக் கோடு விழும்.

திரவத்தைப் பற்றிச் சொல்லாமல் தப்ப முடியாது. இதற்கென்றே வெளிநாட்டில் விற்கும் காமி போன்றவை எளிதில் தீப்பற்றும் சரக்கு, விமானத்தில் அனுப்பத் தயங்குவார்கள். வந்தாலும் விலை கண்ணைக் கட்டும். மாற்றாகச் சுத்திகரித்த நாப்தா பயன்படும். எதை வாங்கினாலும் முதலில் ஒரு சொட்டைச் சுத்தமான கண்ணாடியில் விட்டு உலரவிடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளையம் தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் புட்டியை நெகட்டிவ் பக்கமே கொண்டுவராதீர்கள். மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் நன்றாகப் படியும், ஆவியாகாது, தீ பயமும் குறைவு. ஆனால் பின்னால் கழுவி எடுப்பது பெரும்பாடு. தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. ஜெலட்டின் ஊறி உப்பி, மைலாரோடு சேர்ந்து உரிந்து வரும்.

சென்னை வெயில் இந்த வேலைக்கு எதிரி. ஏப்ரல் மதியத்தில் ஏ.சி. இல்லாமல் ஒட்டினால், ஸ்கேன் முடிவதற்குள் ஓரம் உலர்ந்து காற்று உள்ளே நாக்கை நீட்டும். ஜன்னலை மூடினால் நெடி, திறந்தால் மெட்ரோ ரயில் பணியின் தூசி. எனக்குப் பிடித்த நேரம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. தூசி அடங்கியிருக்கும், ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அதே மழைக்காலம்தான் நெகட்டிவில் பூஞ்சையையும் வளர்க்கிறது என்பது வேறு விஷயம். பக்கத்தில் சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

என்னிடம் வருவதில் அதிகம் தமிழ்நாட்டு ஸ்டூடியோ நெகட்டிவ்கள். 120 ரோலில் எடுத்தவை பாதி. கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ, ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து ஃபிலிம், ஓரத்தில் பெயர் படித்தாலே காலம் தெரிந்துவிடும். மீதி ஹாஃப் பிளேட் என்று சொல்லும் 4¾×6½ அங்குல ஷீட் ஃபிலிம்கள். இந்த ஹாஃப் பிளேட்தான் பெரிய பிரிண்டுக்குப் பிறந்தது. உட்கார்ந்து எடுத்த தம்பதி படம், அறுபதாம் கல்யாணப் படம், காரைக்குடி வீட்டு முகப்பில் மாட்டும் அளவு. அந்த நெகட்டிவ்களில் மிகக் கறுத்த இடம் ஐயாவின் வெள்ளை வேட்டி. அதற்கடுத்து மல்லிகைச்சரம். ஃபிளாட்பெட் திணறுவது அங்கேதான். அந்தக் கறுப்புக்குள் வேட்டி மடிப்பு இருக்கும். ஸ்கேன் செய்யும்போதே டோன் வளைவில் அந்தக் கறுப்புக்கு இடம் ஒதுக்கி வைக்காவிட்டால் பிரிண்டில் வெறும் வெள்ளைச் சுவர்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவின் பெட்டியைத் திறந்தபோதுதான் நனைப்பதில் உள்ள பெரிய ஆபத்து புரிந்தது. நெகட்டிவைச் சாய்த்துப் பார்த்தால் முகங்களின்மேல் மட்டும் ஒரு மெல்லிய பளபளப்பு. அங்கே டச்சிங் வேலை பார்த்த பெரியவர் உயிரோடு இருந்தார். பார்வை மங்கிவிட்டது, விரல் மட்டும் நடுங்கவில்லை.

"ஐயா, இது வார்னிஷா?"

"டச்சிங் மீடியம், தம்பி. அதைத் தடவினாத்தான் பென்சில் பிடிக்கும். கன்னத்துல அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ கருவளையம், எல்லாத்தையும் பென்சிலாலேயே எடுத்துருவோம். நீங்க ஏதோ தைலம் விடுறதா சொன்னீங்களே, அது பட்டா எல்லாம் போயிரும். அப்புறம் அந்தம்மாவோட தழும்பு திரும்ப வந்துரும்."

அவர் சொன்னது ரசாயனமாகவும் சரி. அந்த மீடியம் பிசினை டர்பன்டைனில் கரைத்துச் செய்வது. நாப்தா வகைத் திரவம் அதைக் கரைக்கலாம், பென்சில் தூள் மிதந்து போய்விடும். ஸ்டூடியோக்காரர்கள் வானத்தையும் முகத்தையும் வெளுக்கச் சிவப்புச் சாயமும் பூசியிருப்பார்கள். அந்தப் பென்சில் கோடுகள் அழுக்கல்ல. படம் எடுத்தவரின் வேலையில் பாதி அது. அந்தக் குடும்பம் கூடத்தில் மாட்டி வணங்கிய முகம் அந்தப் பென்சிலுக்குப் பிறகு வந்த முகம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் வடிவில் சேர்த்ததற்கு ஒரு காரணம், இந்தக் கைவேலை இனி எங்கும் நடக்கப்போவதில்லை என்பதும்தான் என்று நினைக்கிறேன். வெள்ளிக்காக நெகட்டிவை எடைக்குப் போட்ட ஊர் இது.

டச்சிங் இருக்கும் நெகட்டிவை நான் நனைப்பதில்லை. பளபளப்பைத் தடுக்கும் சொரசொரப்பான கண்ணாடியால் மேலே அழுத்தி, உலர்ந்தபடியே, சரியான உயரத்தில் ஸ்கேன் செய்வேன். கீறலை ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்து அடைப்பேன். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பின்பக்கத்தை மட்டும் நனைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். திரவம் ஓரம் வழியாக முன்பக்கத்துக்கு ஏறும், அதை யாராலும் தடுக்க முடியாது.

கண்ணாடி நெகட்டிவையும் நனைக்கக் கூடாது. எமல்ஷன் ஓரத்தில் உரிந்திருந்தால் திரவம் உள்ளே போய் மொத்தத்தையும் தூக்கிவிடும். அது தட்டையாகவே இருக்கிறது, நனைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வினிகர் நெடி அடிக்கும் அசிடேட் ஃபிலிமைப் பெட்டியிலிருந்து தனியே பிரித்து, ஆவணக்காப்பாளரிடம் காட்டுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஷீட் ஃபிலிமில் 'சேஃப்டி' என்ற எழுத்து ஓரத்தில் இல்லையென்றால் அது நைட்ரேட்டாக இருக்கலாம், தானே தீப்பிடிக்கக்கூடியது. என் மேசைக்கு அது வேண்டாம். கிளிக் த்ரீ கேமராவில் எடுத்ததையும் நனைக்க வேண்டாம் என்பேன், வேறு காரணத்துக்காக. பரோடாவில் செய்த அந்த எளிய கேமரா வீட்டுக்கு வீடு சிரித்த முகங்களைத் தந்தது, வாழ்க. ஆனால் அதன் லென்ஸ் தராத கூர்மையை என் புட்டி தராது.

பெரிய பிரிண்ட் என்றதும் எல்லாரும் பெட்டிமேல் எழுதியிருக்கும் 6400 டிபிஐ-யைப் பார்க்கிறார்கள். இந்த ஃபிளாட்பெட்கள் உண்மையில் பிரித்துக் காட்டுவது 2300-ஐ ஒட்டித்தான். அதற்கு மேல் போனால் கோப்பு வீங்கும், விவரம் கூடாது. கணக்குப் போடுங்கள். 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் நீண்ட பக்கம் 36 மில்லிமீட்டர். 2300-இல் ஏறக்குறைய 3260 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 11 அங்குலம்கூட நிரம்பாது. 6×6 நெகட்டிவ் 17 அங்குலம் தரும். ஹாஃப் பிளேட் 36×50 அங்குலம் தரும், மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் ஜரிகை ஜரிகையாகவே தெரியும். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு 150 புள்ளியே போதும், அப்போது எல்லாக் கணக்கையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். 35 மில்லிமீட்டரை ஃபிளாட்பெட்டில் போட்டு, நனைத்து, நாலடிக்கு இழுக்க வேண்டும் என்று வருகிறவர்களை மேக்ரோ லென்ஸோடு டிஜிட்டல் கேமரா வைத்துப் படியெடுப்பவரிடம் அனுப்பிவிடுகிறேன். அந்த அளவில் அவர்தான் மேல். ஹாஃப் பிளேட் என்றால் என்னிடம் வாருங்கள். ஃபுல் பிளேட் வேறு கதை, 6½ அங்குல அகலம். கூர்மையான லென்ஸ் பார்க்கும் பட்டை 6 அங்குலம்கூட இல்லை. இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டும்.

ஸ்கேன் முடிந்த நெகட்டிவை மைலாரிலிருந்து உரிக்கும்போது நெகட்டிவை இழுக்காமல் மைலாரை இழுக்க வேண்டும். ஓரத்தில் கிளிப் போட்டு மூடிய அலமாரிக்குள் தொங்கவிட்டால் மிச்சத் திரவம் ஆவியாகிவிடும். முழுக்க உலர்ந்த பிறகுதான் உறை. காகித உறையாக இருக்கட்டும், பி.வி.சி. உறை வேண்டாம், அது சில வருஷத்தில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்து, அதை ஸ்கேன் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். உங்கள் ஸ்கேனரில் ஃபிலிம் எந்த உயரத்தில் கூர்மையாக வருகிறது? நனைப்பதற்கு முன் எமல்ஷனைச் சாய்த்து, டச்சிங் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா? இரண்டுக்கும் பதில் தெரியாதவரிடம் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து, பிரிண்ட் கைக்கு வந்து சுவரில் ஏறிய பிறகும், நெகட்டிவை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.